31 நாள் எதற்கு?

லண்டனில் ஒரு வீடு. பிராட்பேண்ட், லேண்ட்லைன், டி.வி. மூன்றும் ஸ்கை நிறுவனத்திடமிருந்து ஒரே பில்லில் வருகின்றன. முதலில் கையெழுத்திட்ட ஒப்பந்தக் காலம் முடிந்துபோய், இப்போது மாதாமாதம் தானாக நீள்கிறது. மார்ச் 1ஆம் தேதி வீட்டுக்காரர் போன் செய்து, டி.வி. மட்டும் வேண்டாம் என்கிறார். சரி, ஏப்ரல் 1 அன்று முடியும், அதுவரைக்கும் சந்தா உண்டு என்று பதில் வருகிறது. அதே போனில் பிராட்பேண்ட் மட்டும் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் மார்ச் 15 அன்றே முடிந்திருக்கும். டி.வி.க்கு 31 நாள் நோட்டீஸ், பிராட்பேண்டுக்கும் போனுக்கும் 14 நாள் நோட்டீஸ் என்பது ஸ்கையின் விதிகளில் பல ஆண்டுகளாக இருந்துவந்த கணக்கு. கேபிள் வழியாகச் சேவை தரும் விர்ஜின் மீடியாவில் இது 30 நாள்.

இந்த நாட்களில் என்ன நடக்கிறது? யாராவது எங்கேயாவது எதையாவது கழற்றிக்கொண்டிருக்கிறார்களா? விடை தெரிய வேண்டுமானால் சேவை வீட்டுக்குள் வரும் வழியைக் கொஞ்சம் பின்தொடர வேண்டும்.

பிரிட்டன் முழுக்க வீட்டுச் சுவர்களில் இருக்கும் சின்ன டிஷ்கள் எல்லாம் தென்கிழக்கு வானில் ஒரே புள்ளியைப் பார்த்தபடி இருக்கும். பூமத்திய ரேகைக்கு மேலே, 28.2 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில், 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள்கள்தான் அந்தப் புள்ளி. அந்த உயரத்தில் சுற்றும் பொருளுக்கு ஒரு சுற்று முடிக்க ஆகும் நேரமும் பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற ஆகும் நேரமும் ஒன்று. அதனால் கீழிருந்து பார்க்கிறவருக்கு அது அசையாமல் நிற்கிறது, டிஷ்ஷை ஒருமுறை திருப்பி வைத்தால் போதும். இப்படிப்பட்ட நிலையங்களை வைத்து உலகத்தையே இணைக்கலாம் என்று 1945 அக்டோபரில் ஒரு பிரிட்டிஷ் பத்திரிகையில் எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். பின்னாளில் கொழும்பில் குடியேறி, 2008இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தவர்.

செயற்கைக்கோளுக்கு வீடு வீடாகப் பிரித்துக் கொடுக்கத் தெரியாது. விளையாட்டுச் சேனலுக்குப் பணம் கட்டியவர் கூரையிலும், கட்டாதவர் கூரையிலும், டிஷ்ஷே இல்லாத மாட்டுக்கொட்டகையின் கூரையிலும் ஒரே அலை, ஒரே அளவில் வந்து விழுகிறது. டி.வி.யை ரத்து செய்தவர் வீட்டு டிஷ்ஷும் அந்த அலையை வாங்கிக் கம்பி வழியாகச் செட்டாப் பாக்ஸ்வரை கொண்டுவந்து கொடுத்துக்கொண்டேதான் இருக்கும். நிறுத்தப்படுவது வேறொன்று.

கட்டணச் சேனலின் படம் மேலே போகும் முன்பே குலைக்கப்படுகிறது. 1994இல் ஐரோப்பிய ஒளிபரப்பாளர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட ஒரு சங்கேத முறையில், 64 பிட் நீளமுள்ள ஒரு சாவி இலக்கத்தை வைத்து வீடியோவின் ஒவ்வொரு சிறு பொட்டலத்தையும் கலைத்து அனுப்புவார்கள். அந்தச் சாவி ஒரு நாளைக்கோ ஒரு மணி நேரத்துக்கோ செல்லுபடியாவதில்லை. சில விநாடிகளுக்கு ஒருமுறை, வழக்கமாகப் பத்து விநாடிக்குள், மாறிவிடும். ஒரு கால்பந்து ஆட்டம் முடிவதற்குள் நூற்றுக்கணக்கான சாவிகள் பிறந்து காலாவதியாகின்றன. அடுத்த சாவியும் அதே அலையில், படத்தோடு சேர்ந்தே, இன்னொரு சங்கேதத்துக்குள் பொதியப்பட்டு வருகிறது. பாக்ஸில் செருகிய கார்டு அதைப் பிரித்தெடுத்துக் கொடுத்தால் படம் தெரியும். இந்தச் சேனலைப் பார்க்க இந்தக் கார்டுக்கு அனுமதி உண்டா என்று பார்த்துவிட்டுத்தான் கார்டு பிரித்துக் கொடுக்கும்.

அந்த அனுமதி கார்டுக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. அதுவும் விண்வெளி வழியாகவே வருகிறது. இன்ன எண்ணுள்ள கார்டுக்கு இன்னின்ன சேனல்கள் என்ற ஒரு குட்டிச் செய்தி மேலே போய், கால் விநாடியில் கீழே இறங்குகிறது. இறங்குவது ஒரு வீட்டில் மட்டும் இல்லை. அந்தக் காலத்துத் தண்டோரா மாதிரி, ஒருவர் பெயரைச் சொல்லி ஊருக்கே கேட்கக் கூவும் செய்தி அது. லட்சக்கணக்கான பாக்ஸ்கள் கேட்கின்றன. தன் எண் இல்லாத செய்தியை விட்டுவிடுகின்றன. ஒன்றே ஒன்று மட்டும் எடுத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் பாக்ஸ் அணைந்திருக்கக்கூடும் என்பதால் செய்தி திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும். கிளாஸ்கோவில் ஒருவர் வாங்கிய சினிமா பேக்கேஜின் அனுமதிச் சீட்டு கார்டிஃபில் உங்கள் சமையலறைச் சுவருக்கு வெளியிலும் வந்து விழுகிறது.

அப்படியானால் நிறுத்தச் சொன்னதும், நிறுத்து என்று ஒரு செய்தி அனுப்பினால் முடிந்ததே? தொடக்கத்தில் அப்படித்தான் செய்தார்கள். ஸ்கை 1989 பிப்ரவரியில் தொடங்கிய காலம் அனலாக் காலம். அப்போதைய முறை படத்தின் ஒவ்வொரு கிடைக்கோட்டையும் 256 இடங்களில் ஏதோ ஓரிடத்தில் வெட்டி, இரண்டு துண்டையும் இடம் மாற்றிப் போடும். அந்தப் பூட்டின் பின்னால் இருந்த கணிதத்தில் அடி ஷமீர் என்ற புகழ்பெற்ற சங்கேதவியல் அறிஞரின் பங்கு உண்டு. கணிதம் உறுதியாகவே இருந்தது. ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. சந்தா கட்டாதவரின் கார்டைச் சாகடிக்கும் செய்தி வானிலிருந்து வரும். கார்டு தன் நினைவகத்தில், இனி நான் செல்லாது என்று எழுதிக்கொள்ளும். அந்த ஆரம்பக் கார்டுகளில் எழுத வேண்டுமானால் டிகோடரிலிருந்து ஒரு தனித் தொடுபுள்ளி வழியாகக் கூடுதல் மின்னழுத்தம் வர வேண்டும். அந்தத் தொடுபுள்ளிக்கு மின்னழுத்தம் போகாதபடி செய்துவிட்டார்கள் சிலர். எழுத மின்சாரம் இல்லை, அதனால் கார்டு சாகவில்லை. பிறகு டிகோடருக்குள் மாற்றுச் சிப் ஒன்றைப் பொருத்தி, தன் கார்டுக்கு வரும் நிறுத்தச் செய்தியை மட்டும் வழியிலேயே வடிகட்டிவிடும் உத்தியும் பரவியது. அதற்குக் கென்டக்கி ஃபிரைடு சிப் என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

வராமல் தடுத்துவிடக்கூடிய ஒன்றை நம்பி நிறுத்த முடியாது என்ற பாடத்தை இந்தத் துறை அப்போது கற்றுக்கொண்டது. அதனால் பிந்தைய அமைப்புகளில் பொதுவாக அனுமதிக்கே காலாவதித் தேதி இருக்கிறது. சந்தா தொடர்கிறவருக்குப் புது அனுமதி வந்துகொண்டே இருக்கும். தொடராதவருக்கு எதுவும் அனுப்ப வேண்டியதில்லை; கையில் இருப்பது தானே செல்லாமல் போய்விடும். வருகிற செய்தியைத் தடுத்து இனி பயனில்லை, தடுத்தால் இழப்பு தடுப்பவருக்குத்தான். டிஷ்ஷும் பாக்ஸும் அப்படியே இருக்க, பூட்டில்லாமல் வரும் பிபிசி போன்ற சேனல்கள் மட்டும் தொடர்ந்து தெரியும். பிபிசி 2003இலேயே செயற்கைக்கோளில் பூட்டை எடுத்துவிட்டது.

கேபிளில் கதை கொஞ்சம் வேறு, ஆனால் முடிவு அதேதான். விர்ஜின் மீடியாவின் கோஆக்சியல் கேபிள் ஒன்றுக்குள்ளேயே டி.வி.யும் இணையமும் வெவ்வேறு அலைவரிசைகளில் பக்கம் பக்கமாகப் பயணிக்கின்றன. 8 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒவ்வொரு தடத்திலும் விநாடிக்கு ஏறத்தாழ 50 மெகாபிட் போகும். சில தடங்களைச் செட்டாப் பாக்ஸ் படிக்கிறது, வேறு சிலவற்றை மோடம் படிக்கிறது. மோடம் எழும்போதெல்லாம் நிறுவனத்தின் சர்வரிலிருந்து ஒரு சிறு கோப்பை வாங்கிக்கொள்கிறது. உங்கள் வேகம் என்ன என்பது அதில் எழுதியிருக்கும் ஓர் எண். டி.வி.யை நிறுத்தினால் கம்பியில் எதுவும் மாறாது. முற்காலத்து அமெரிக்கக் கேபிளில் நிஜமாகவே மாறியது. ஒரு சேனல் வேண்டாம் என்றால் ஆள் வந்து கம்பத்தில் ஏறி, அந்த அலைவரிசையை மட்டும் தடுக்கும் உருளை வடிவ ஃபில்டர் ஒன்றைத் திருகிவிட்டுப் போக வேண்டும். அன்று காத்திருப்புக்கு ஒரு பொருள் இருந்தது: ஆள் வரவேண்டும், ஏணி வரவேண்டும்.

பிராட்பேண்டிலும் அப்படி ஒரு பொருள் இருந்தது, அண்மைக்காலம்வரை. பிரிட்டனின் செம்புக் கம்பிகள் பெரும்பாலும் ஓப்பன்ரீச் என்ற நிறுவனத்தின் பராமரிப்பில் உள்ளவை. ஸ்கை மாதிரி நிறுவனங்கள் தொலைபேசி நிலையத்துக்குள் தங்கள் கருவியை வைத்து, அதே கம்பி வழியாகச் சேவை தந்தன. வாடிக்கையாளர் வேறு நிறுவனத்துக்கு மாறினால், நிலையத்தில் ஒரு பொறியாளர் அந்த வீட்டின் கம்பி இணையை ஒரு கருவியிலிருந்து எடுத்து இன்னொன்றில் இணைக்க வேண்டும். 2015 ஜூன் முதல் இந்த மாற்றத்துக்கு ஒரே சீரான நடைமுறை வந்தது. அதில் பத்து வேலை நாள் அவகாசம். பத்து வேலை நாளோடு இரண்டு வார இறுதிகளைச் சேர்த்தால் 14 நாள். ஸ்கையின் 14 இந்தக் கணக்கோடு அச்சாகப் பொருந்துவது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

இப்போது இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மனிதக் கை பட வேண்டியிருந்த பிராட்பேண்டுக்கு 14 நாள். யாரும் எதையும் தொட வேண்டாத, ஒரு செய்தியை அனுப்பாமல் விட்டாலே நின்றுவிடும் டி.வி.க்கு 31 நாள். எனவே 31 நாள் வேலைக்கான நாள் இல்லை. முழுக்க முழுக்க ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட நாள். மாதம் 28 நாளிலும் வரும், 31 நாளிலும் வரும். 31 என்று எழுதிவிட்டால் எந்த மாதத்தில் போன் செய்தாலும் ஒரு முழு மாதச் சந்தா உறுதி. மாதம் 24 பவுண்டு டி.வி. என்றால், ஆண்டுக் கணக்கில் ஒரு நாளுக்கு 79 பென்ஸ். 31 நாளுக்கு 24 பவுண்டு 46 பென்ஸ்.

இதில் ஒரு விசித்திரம் ஒளிந்திருக்கிறது. கார்டில் உள்ள அனுமதி புதுப்பிக்காவிட்டால் இறந்துவிடும். சந்தா ஒப்பந்தமோ நிறுத்தாவிட்டால் வாழ்ந்துகொண்டே இருக்கும். ஒரே சேவையின் இரண்டு பாதிகள், நேர் எதிரான இரண்டு இயல்புகளோடு ஓடுகின்றன. திருடர்களைச் சமாளிக்க நிறுவனம் தன் பக்கத்தில், சும்மா இருந்தால் நின்றுவிடும் என்ற ஏற்பாட்டைச் செய்துகொண்டது. வாடிக்கையாளரின் பக்கத்தில், சும்மா இருந்தால் தொடரும் என்பதே ஏற்பாடு. இரண்டிலும் முயற்சி எடுக்க வேண்டிய சுமை நிறுவனத்தின் மேல் விழவில்லை. இது நியாயமான பங்கீடு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

சும்மா இருப்பதன் விலை என்ன என்று பொருளியலாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிகே மல்மெண்டியர் இருவரும் அமெரிக்காவின் மூன்று உடற்பயிற்சிக் கூடங்களின் பதிவேடுகளை ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார்கள். கடைசியாக உடற்பயிற்சிக்கு வந்த நாளுக்கும் சந்தாவை ரத்து செய்த நாளுக்கும் இடையே சராசரியாக 2.3 மாதம் ஓடியிருந்தது. அங்கே நீண்ட நோட்டீஸ் காலமே தேவைப்படவில்லை, மனிதரின் தள்ளிப்போடும் குணமே அந்த வேலையைச் செய்துவிட்டது. லிரான் ஐனவ் குழுவினரின் ஆய்வு இன்னும் நுட்பமானது. கிரெடிட் கார்டு காலாவதியாகி மாறும்போது பழைய சந்தாக்கள் தானாக ஓட முடியாமல் நின்று, தொடர வேண்டுமா என்று ஆளை யோசிக்கவைக்கின்றன. அந்தத் தருணத்தில் எத்தனை பேர் விட்டுவிடுகிறார்கள் என்று பார்த்தார்கள். ஒவ்வொரு மாதமும் எல்லாரும் யோசித்து முடிவெடுத்தால் கிடைக்கும் வருமானத்தைவிட, கவனமின்மையால் விற்பவருக்கு 14 சதவீதம் முதல் 200 சதவீதத்துக்கு மேல்வரை கூடுதலாகக் கிடைக்கிறது என்பது அவர்கள் கணக்கு.

தொகுப்பிலிருந்து ஒரு பகுதியை மட்டும் கழற்றுகிறவர் இன்னொரு புதிரையும் சந்திப்பார். டி.வி.யின் பங்கு என்று பில்லில் காட்டிய தொகை முழுதாகக் குறையாது. சில சமயம் மிச்சமிருக்கும் பிராட்பேண்டின் விலை ஏறிவிடும். இதற்கும் ஒரு கணிதம் உண்டு. அதை முதலில் தெளிவாக எழுதியவர் பொருளியலாளர் ஜார்ஜ் ஸ்டிக்லர், 1963இல். ஹாலிவுட் படங்களைத் தொலைக்காட்சி நிலையங்களுக்குக் கட்டாகக் கட்டி விற்றது பற்றிய அமெரிக்க உச்ச நீதிமன்ற வழக்கு அவரைச் சிந்திக்கவைத்தது. நல்ல படம் ஒன்றோடு சுமாரான படம் ஒன்றையும் ஏன் தலையில் கட்ட வேண்டும்?

நம் வீடுகளை வைத்தே போட்டுப் பார்க்கலாம். ஒரு வீடு பிராட்பேண்டுக்கு 32 பவுண்டுவரை கொடுக்கும், டி.வி.க்கு 14. அடுத்த வீடு பிராட்பேண்டுக்கு 24வரை, டி.வி.க்கு 22. தனித்தனியாக விற்றால் இரு வீடும் வாங்க வேண்டுமே என்று பிராட்பேண்டை 24க்கும் டி.வி.யை 14க்கும் வைக்க வேண்டும். மொத்த வரவு 76 பவுண்டு. சேர்த்துக் கட்டி 46 பவுண்டு என்று வைத்தால்? இரண்டு வீட்டுக்கும் கூட்டுத்தொகை 46தான். இருவரும் வாங்குவார்கள், வரவு 92. படத்தின் தரமோ இணைய வேகமோ துளிகூட மாறாமல் 16 பவுண்டு கூடுதல். வீட்டுக்கு வீடு ஆசை வேறுபடுவதை, கூட்டல் சமன்செய்துவிடுகிறது.

கட்டிய கட்டை அவிழ்க்கவிட்டால் இந்தக் கணக்கு கலைந்துவிடும். தனி பிராட்பேண்ட் 24 பவுண்டு என்று கடைவாசலில் எழுதிப் போட்டால் முதல் வீடு அன்றைக்கே டி.வி.யைக் கைவிடும், 14 பவுண்டு மதிப்புள்ள ஒன்றை விட்டு 22 பவுண்டு மிச்சம் பிடிக்கலாமே. ஆகவே தனி பிராட்பேண்டுக்கு 40 பவுண்டு என்று விலை வைப்பார்கள். டி.வி.யைக் கழற்றினால் 6 பவுண்டுதான் குறையும் என்றதும் பெரும்பாலோர் போனை வைத்துவிடுவார்கள். அந்த 40 பவுண்டு வேலிக்காக வைத்த விலை. பிராட்பேண்டைக் கொண்டுவந்து கொடுக்க ஆகும் செலவோடு அதற்குத் தொடர்பு இருக்க வேண்டியதில்லை. பில்லில் பகுதிவாரியாக அச்சிட்டிருக்கும் தொகைகளை நம்பி மிச்சத்தைக் கணக்கிடாமல், மீதி இருக்கும் சேவையின் புதிய மாத விலை என்ன என்று நேராகக் கேட்பதே சரி.

பிரிட்டனின் தகவல்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் இந்த ஏற்றத்தாழ்வைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்து வந்திருக்கிறது. ஒப்பந்தம் முடியும் முன்பே வெளியேறுகிறவர்களிடம் அளவுக்கு மீறி வாங்கியதற்காக 2018 நவம்பரில் விர்ஜின் மீடியாவுக்கு 70 லட்சம் பவுண்டும், இஇ என்ற மொபைல் நிறுவனத்துக்கு 63 லட்சம் பவுண்டும் அபராதம் விதித்தது. விர்ஜின் மீடியா விஷயத்தில் மட்டும் பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 82,000 பேர். முன்கூட்டி வெளியேறும் கட்டணமும் நோட்டீஸ் காலச் சந்தாவும் வேறு வேறு. முதலாவது குறைந்தபட்ச ஒப்பந்தத்தை உடைப்பதற்கு, இரண்டாவது அது முடிந்த பிறகும் கேட்கப்படுவது. போனில் பேசும்போது இரண்டும் ஒரே எண்ணாகக் கலந்து காதில் விழுவதுண்டு, பிரித்துச் சொல்லக் கேட்க வேண்டும்.

2020 பிப்ரவரி 15 முதல், ஒப்பந்தம் முடிய 10 முதல் 40 நாள் இருக்கும்போது நிறுவனம் தானே வாடிக்கையாளருக்குத் தகவல் அனுப்பியாக வேண்டும். முடியும் தேதி, இப்போதைய விலை, அதன் பிறகு ஆகப்போகும் விலை, எத்தனை நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்பவை அதில் இருக்க வேண்டும். தொகுப்பில் வேறு ஒப்பந்தங்கள் இருந்தால் அவை முடியும் தேதிகளும். இந்த ஒரு காகிதத்தைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பவருக்குப் பாதிப் போராட்டம் மிச்சம்.

பெரிய மாற்றம் 2024 செப்டம்பர் 12 அன்று வந்தது. அன்றிலிருந்து பிராட்பேண்ட் நிறுவனத்தை மாற்றுகிறவர் புது நிறுவனத்திடம் மட்டும் பேசினால் போதும். கேபிளோ செம்போ ஃபைபரோ, பழைய நிறுவனத்துக்குச் செய்தி தானாகப் போய்ச் சேரும். புதிய சேவை தொடங்கிய நாளுக்குப் பிறகு, நோட்டீஸ் காலம் பாக்கி இருக்கிறது என்று பழையவர் பணம் கேட்கவும் கூடாது. மாறும் வாடிக்கையாளருக்கு பிராட்பேண்டின் 14 நாளும் 30 நாளும் இப்படித்தான் உதிர்ந்துபோயின.

ஆனால் இந்த ஏற்பாடு பிராட்பேண்டுக்கும் லேண்ட்லைனுக்கும் மட்டும். கட்டண டி.வி. இதற்குள் வரவில்லை. மாறுவதால் மற்றச் சேவைகளுக்கு என்ன ஆகும், கட்டணம் ஏதும் உண்டா என்று பழைய நிறுவனம் சொல்லியாக வேண்டும், அவ்வளவுதான். டி.வி.யை நிறுத்த வாடிக்கையாளர் தனியாகக் கேட்க வேண்டும்; அதன் 31 நாள் அந்தக் கோரிக்கை போய்ச் சேர்ந்த பிறகே தொடங்கும். பிராட்பேண்ட் மாறிவிட்டது, டி.வி.யும் சேர்ந்து போயிருக்கும் என்று நினைத்திருப்பவரின் கணக்கிலிருந்து சந்தா போய்க்கொண்டே இருக்கும். டி.வி. டிஷ்ஷில் வராமல் இணையம் வழியாக வருவதாக இருந்தால் நிலைமை இன்னும் விசித்திரமாகும்: 14 நாளில் இணைப்பு போய்விட, மிச்சம் 17 நாள் பார்க்க வழியில்லாத சேனல்களுக்குப் பணம் கட்டுவதாக முடியலாம், இடையில் வேறு இணைப்பு வராவிட்டால்.

வங்கியில் டைரக்ட் டெபிட்டை நிறுத்திவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பதும் இதே வகைப் பொறி. வங்கி பணம் அனுப்புவதை நிறுத்தும், ஒப்பந்தம் நிற்காது. சந்தா பாக்கியாகச் சேரும். கார்டு யுகத்தில் வராத செய்தியே நிறுத்தமாக இருந்தது. இங்கே வராத பணம் வெறும் கடன். எனவே மார்ச்சில் மாறத் திட்டமிடுகிறவர் முதலில் டி.வி.க்கு நோட்டீஸ் கொடுத்துவிட வேண்டும். கொடுத்த தேதியையும், நிறுவனம் சொல்லும் முடிவுத் தேதியையும் மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பிராட்பேண்டை அவசரமாக ரத்து செய்ய வேண்டியதில்லை, புது நிறுவனம் வந்ததும் அது தானாகவே போய்விடும். தன் பெட்டியைத் திருப்பி அனுப்பும் உறையை நிறுவனம் அனுப்பினால், அதைக் கடைசித் தேதிக்குள் தபாலில் சேர்த்து ரசீதையும் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். திரும்பி வராத பெட்டிக்கும் தனி பில் வரும்.